பத்தே முக்கால் மணிக் கூழ்

வெறும் வயிற்றில் ஒரு தடவை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை என்று ரத்தம் கொடுப்பதற்காக லேப் வாசலில் காத்துக் கிடக்கும் என் வயதுக்காரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்த இரண்டு மணி நேரத்தில் நமக்கு வேலை ஒன்றும் இல்லை. முழங்கால் வலியைப் பேசியாயிற்று, மருமகளையும் பேசியாயிற்று. மிச்ச நேரத்துக்கு இதைப் படியுங்கள்.

போன மாதம் கடலூரில் என்னைப் பார்த்த டயட்டீஷியன் பெண்ணுக்கு என் கடைசி மகளைவிட வயது குறைவு. காலையில் என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டாள். இரண்டு இட்லி என்றேன். நான்கு என்று உங்களுக்குத் தெரியும், அவளுக்கும் தெரிந்திருக்கும். பதினோரு மணிக்கு அசதியாக வருமா, கை நடுங்குமா, எரிச்சல் வருமா என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாம் வரும் என்றேன். ஒரு காகிதத்தை எடுத்து இரண்டு கோடு போட்டாள். ஒன்று செங்குத்தாக ஏறி அதே வேகத்தில் விழுந்தது. இன்னொன்று மெதுவாக ஏறி, ரொம்ப தூரம் போய், மெதுவாக இறங்கியது.

"இது வெள்ளை பிரெட்டு, ஜாம், ஜூஸு. சட்டுனு ஏறும், சட்டுனு எறங்கும் ஆன்ட்டி. இன்னொண்ணு கேழ்வரகு, முழு தானியம், பயறு. நின்னு நிதானமா தெம்பு குடுக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது எனக்குப் பதிமூணு வயசுலயே தெரியும்மா" என்றேன். அவள் முகம் சுருங்கிப் போனது. கிழவி படிப்பைக் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்திருப்பாள். நான் கிண்டல் செய்யவில்லை. உண்மையிலேயே தெரியும். தெரிந்துகொண்ட விதம்தான் நல்ல விதம் இல்லை.

நான் எட்டாவது படித்த வருடம் அது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது தொடங்கி, மழை பிடிப்பதற்குள் முடிந்துபோன கதை. எங்கள் வீடு கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், துறைமுகத்துக்குப் பக்கத்தில். அந்தக் கோடையில்தான் அத்தா, அதாவது என் அப்பா, நாலு வருடம் கழித்துக் குவைத்திலிருந்து லீவில் வந்தார். கயிறு கட்டிய இரண்டு பெரிய பெட்டி. திறந்ததும் வீடு முழுக்க சோப்பும் சென்ட்டும் கலந்த ஒரு வாசனை. அந்த வாசனையை இப்போது எந்தக் கடையிலும் காணோம். பெட்டிக்குள் பால் பவுடர் டின், ஆரஞ்சு பவுடர் டின், க்ரீம் வைத்த பிஸ்கட், கண்ணாடிப் பாட்டிலில் ஸ்ட்ராபெரி ஜாம். ஸ்ட்ராபெரி என்றால் என்னவென்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. அம்மா அதை நாவல்பழத்துக்குச் சொந்தம் என்று பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருந்தாள்.

அதுவரைக்கும் எங்களுக்குக் காலையில் பழைய சோறும் நெத்திலிக் கருவாடும்தான். அத்தா வந்த மூன்றாம் நாள் அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"மனுசன் அங்க வெயில்ல வெந்து சம்பாரிக்கிறாரு. எம் புள்ளைங்க இன்னமும் பழையது தின்னுட்டுப் போனா ஊரு சிரிக்காதா? நாளைலேருந்து பிரெட்டு, ஜாமு, ஜூஸு. அவ்ளோதான்."

அத்தா மட்டும் சமையலறையில் ஒளிந்து நின்று பழைய சோறு சாப்பிடுவார். நாலு வருடமாக அவர் கனவு கண்டதே அந்தச் சட்டியைத்தான் என்று இப்போது புரிகிறது. லீவு முடிந்து அவர் போனார், டின்கள் இருந்தன. காலி டின்னைக்கூட அம்மா எறியவில்லை. ஷோகேஸில் குர்ஆன் வசனப் படத்துக்குக் கீழே வரிசையாக அடுக்கினாள்.

பிடிக்கவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். எனக்கு உயிர். ஆரஞ்சு பவுடரை உள்ளங்கையில் கொட்டி நக்கினால் நாக்கு மஞ்சளாகி, கண்ணில் பூச்சி பறக்கும். பள்ளிக்கூடத்துக்குக் குதித்துக்கொண்டேதான் போவேன். முதல் பீரியடில் எல்லாக் கேள்விக்கும் என் கைதான் முதலில் உயரும். இரண்டாவது பீரியடில் கொட்டாவி. மூன்றாவது, கணக்கு. பேனா பிடித்த கை லேசாக நடுங்கும், போர்டில் எழுதியது மிதக்கும், தலை தானாக டெஸ்கில் சாயும்.

கணக்கு டீச்சர் என்னைத் தூங்குமூஞ்சி என்றார். அம்மா கண் பட்டுவிட்டது என்றாள். வெளிநாட்டுப் பெட்டி வந்த வீட்டுப் பிள்ளைக்குக் கண் படாமல் என்ன செய்யும்? பள்ளிவாசலில் ஹஜ்ரத்திடம் தண்ணீர் ஓதி வாங்கி வந்து, அதில்தான் ஆரஞ்சு பவுடரைக் கலக்கினாள். அசதி போகவில்லை என்று ஒரு ஸ்பூனை இரண்டு ஸ்பூனாக்கினாள். பாவம், அவள் அறிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

இப்போது என் பெஞ்சுக்காரியைச் சொல்ல வேண்டும். அவள் அம்மா துறைமுகத்து வாசலில் தள்ளுவண்டியில் கூழ் விற்கிறவர். ஊரே அவரைக் கூழ்க்காரம்மா என்றுதான் கூப்பிடும். மூட்டை தூக்குகிறவர்கள், வலைக்காரர்கள் எல்லாரும் அவரிடம் ஒரு சொம்பு குடித்துவிட்டுப் போனால் மதியம் வரைக்கும் வயிற்றைப் பற்றி நினைக்க மாட்டார்கள். என் பெஞ்சுக்காரி விடியற்காலை எழுந்து வெங்காயம் உரித்துக் கொடுத்து, வண்டியை அம்மாவோடு தள்ளி வந்து விட்டுவிட்டு, ஒரு வரக்காப்பியோடு பள்ளிக்கூடம் வருவாள். அவளுடைய காலைச் சாப்பாடே பத்தே முக்கால் மணி இன்டர்வெல்லில்தான். ஒரு அலுமினியத் தூக்குவாளியில் கேழ்வரகுக் கூழ், மோர் ஊற்றிக் கரைத்தது, சின்ன வெங்காயம், மேலே இரண்டு மோர்மிளகாய்.

அவள் ஓடுவாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் அவளைப்போல ஓட ஆள் கிடையாது. செருப்பில்லாத கால், மெலிந்த முழங்கால், ஓட ஆரம்பித்தால் மூச்சு வாங்குவதே தெரியாது. சிதம்பரத்தில் நடக்கும் மாவட்டப் போட்டியில் எண்ணூறு மீட்டரில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால், அங்கேயே ஹாஸ்டலில் சேர்த்துக்கொள்வார்கள், சாப்பாடும் படிப்பும் பன்னிரண்டாவது வரைக்கும் இலவசம் என்று விளையாட்டு டீச்சர் சொல்லியிருந்தார். அவளுக்கு அது விளையாட்டு இல்லை. எட்டாவது முடிந்ததும் எறா உரிக்கிற கம்பெனியில் சேர்த்துவிடுவதாக அவள் மாமா பேசி முடித்திருந்தார். ஐஸில் ஊறிய இறாலை நாள் முழுக்க நின்றுகொண்டு உரிக்கிற வேலை. "ஜெயிச்சா ஹாஸ்டலு, இல்லாட்டி எறா" என்பாள், ஏதோ கிழமை சொல்வது மாதிரி.

ஒரு நாள் இன்டர்வெல்லில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவள் தூக்கைத் திறந்தாள். அந்தப் புளித்த வாசனை மூக்கில் ஏறியதும் என் வயிறு சத்தம் போட்டது.

"ஒரு வாய் குடேன்டி" என்றேன்.

"உங்க வூட்ல ஃபாரின் பிஸ்கட்டு, உனக்கு எதுக்குடி கேவுரு கூழு?" என்று சிரித்தாள். ஆனால் நீட்டினாள். மிளகாய் இரண்டையும் எடுத்து மூடியில் வைத்தாள். "இது எனக்கு ஆவாது. எங்கம்மா சொன்னா கேக்காது, தெனம் போட்டு வுடும். நீ தின்னு."

நான் குடித்தேன், மிளகாயைக் கடித்தேன், இன்னும் குடித்தேன். பாதிக்கு மேல் போய்விட்டது. வெட்கப்பட்டு, இன்டர்வெல்லுக்கு அம்மா கொடுத்தனுப்பிய டிபன் பாக்ஸை அவளிடம் தள்ளினேன். ஜாம் தடவிய பிரெட்டை அவள் கடித்தபோது அவள் கண் இரண்டும் மூடிக்கொண்டது. அன்றைக்குக் கணக்குப் பீரியடில் எனக்குத் தூக்கம் வரவில்லை. கை நடுங்கவில்லை. போர்டு போர்டாகவே இருந்தது.

மறுநாளும் மாற்றிக்கொண்டோம். அதற்கு மறுநாளும். ஒரு வாரத்தில் அது வழக்கமாகிவிட்டது. தூக்கு முழுக்க எனக்கு, டிபன் பாக்ஸ் முழுக்க அவளுக்கு. மிளகாய்க் காம்பைக் காலித் தூக்கில் போட்டு மூடித் திருப்பிக் கொடுப்பேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஒரு தடவை அவள் தயங்கினாள். "ஓடுறதுக்குக் கூழு நல்லதுன்னு எங்கம்மா சொல்லும்டி" என்றாள். நான் உடனே சொன்னேன்: "அதெல்லாம் பழைய காலம். குவைத்துல எல்லாரும் இதைத்தான் திங்குறாங்க. இதுல சத்து ஜாஸ்தி. எங்கத்தாவே சொன்னாங்க."

அத்தா அப்படி ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் கூழ் வேண்டியிருந்தது, அதனால் சொன்னேன். அவள் நம்பினாள். ஜெயிக்க வேண்டியவள் இல்லையா, சத்து என்றால் விடுவாளா?

ஆகஸ்டு வருவதற்குள் நான் ஆளே மாறிவிட்டேன். கணக்கில் எழுபத்தெட்டு. மதிய மணிக்கு முந்தைய பீரியடில் விளையாட்டு டீச்சர் ஓட்டக்காரிகளைக் கூட்டிக்கொண்டு போவார். சும்மா கூடப் போன என்னை ஓடிப் பார் என்றார். ரிலே அணிக்கு ஐந்தாவதாக, மாற்று ஆளாகப் பெயர் எழுதிக்கொண்டார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஃபாரின் சாமான் சும்மாவா? ரெண்டு மாசத்துல புள்ள எப்டி தேறிட்டா பாரு!" என்று தெரு முழுக்கச் சொன்னாள். அந்தப் பேச்சைக் கேட்டு எதிர்வீட்டு மாமி தன் பிள்ளைகளுக்கும் பழைய சோற்றை நிறுத்தி பிரெட் வாங்க ஆரம்பித்தார். அந்தப் பிள்ளைகளும் பதினோரு மணிக்குத் தூங்கியிருக்கும்.

என் பெஞ்சுக்காரிதான் தேய்ந்தாள். இரண்டு ரவுண்டு ஓடுகிறவள் முக்கால் ரவுண்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டீச்சருக்கு ஆத்திரம். ஹாஸ்டல் இடத்துக்கு இவள் பெயரை நம்பிச் சொல்லி வைத்தவர் அவர்.

"கொழுப்பு ஏறிப்போச்சா? போன வருசம் ஓடுன காலு எங்கடி போச்சு?" என்று விசில் கயிற்றாலேயே கெண்டைக்காலில் அடித்தார். அவள் அழவில்லை. மறுபடி ஓடினாள். மறுபடி நின்றாள்.

எனக்குக் காரணம் தெரியும் என்று சொன்னால் பொய். தெரியாது என்று சொன்னாலும் பொய். அந்த நடுக்கத்தையும் அந்தக் கொட்டாவியையும் நான் என் உடம்பிலேயே பார்த்தவள். ஆனால் கூழ் நன்றாக இருந்தது, கணக்கில் எழுபத்தெட்டு வந்தது. அந்தச் சமயம் பார்த்துத் தூக்கு வேறு கனக்க ஆரம்பித்திருந்தது. முன்னே முக்கால்வாசி இருக்கும் கூழ், இப்போது மூடியைத் திறந்தால் கழுத்து வரைக்கும் நின்றது. வியாபாரம் குறைந்து மிச்சம் ஆகிறது போல என்று நினைத்துக்கொண்டு அதையும் குடித்து முடித்தேன்.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது கூழ்க்காரம்மா பள்ளிக்கூட வாசலில் நின்றார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியபடியே, வண்டியை யாரிடமோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடி வந்திருக்கிறார். மகளைத் தேடி வரவில்லை. என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"பாப்பா, எம் பொண்ணு தெனம் கூழு குடிக்கிறாளா?"

"குடிக்கிறா."

"வயிறு ரொம்பக் குடிக்கிறாளா?"

"ரொம்பக் குடிக்கிறா."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். புளித்த மாவு வாசனை அடிக்கும் கையால் என் கன்னத்தைத் தொட்டார். "சரி, ரெண்டு பேரும் நல்லாருங்க" என்றார். வண்டிக்குத் திரும்பிப் போய்விட்டார். மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தோம் என்று எனக்கு ஒரே நிம்மதி.

சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போனோம். கிரவுண்டிலிருந்து பார்த்தால் கோபுரம் தெரியும். எண்ணூறு மீட்டர் தகுதி ஓட்டம் காலையில் ஒன்பது மணிக்கு, இறுதி ஓட்டம் பன்னிரண்டு மணிக்கு. அன்றைக்குக் கூழ்க்காரம்மா பெரிய தூக்காகக் கொடுத்தனுப்பியிருந்தார். எங்கம்மா பிளாஸ்கில் ஆரஞ்சு ஜூஸும், ஜாமை இரண்டு பங்காகத் தடவிய பிரெட்டும் கொடுத்திருந்தாள். பஸ்ஸில் அவள் தூக்கை என்னிடம் நீட்டினாள். "இன்னைக்கு நீயே கூழு குடிடி" என்றேன். சொன்னேன், அல்லாஹ் மேல் ஆணையாகச் சொன்னேன். ஆனால் இரண்டாம் தடவை சொல்லவில்லை.

"இன்னைக்குத்தான்டி சத்து வேணும். ஜூஸைக் குடு" என்றாள்.

காலையில் அவள் பறந்தாள். முதலாவதாக வந்தாள். விளையாட்டு டீச்சர் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அடுத்த மூன்று மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். மிச்சம் இருந்த பிரெட்டையும் பிஸ்கட்டையும் அவள் தின்றாள், ஜூஸைக் குடித்து முடித்தாள். நான் ஒரு புங்கமரத்தடியில் கூழைக் குடித்தேன். பன்னிரண்டு மணிக்கு விசில் ஊதினார்கள். முதல் ரவுண்டு வரைக்கும் முன்னால் இருந்தாள். இரண்டாவது ரவுண்டில் பாதியில் அவள் கால் எங்கேயோ, உடம்பு எங்கேயோ போனது. ஒருத்தி தாண்டினாள், இன்னொருத்தி தாண்டினாள், குமராட்சிப் பக்கத்துப் பெண் ஒருத்தி எல்லாரையும் தாண்டிப் போய்க் கயிற்றைத் தொட்டாள். என் பெஞ்சுக்காரி ஐந்தாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது, விரல் நடுங்கியது. அந்த நடுக்கம் எனக்குத் தெரிந்த நடுக்கம்.

மதியம் ரிலேயில் அவளால் ஓட முடியாது என்று டீச்சர் என்னை இறக்கினார். எங்கள் அணி மூன்றாவதாக வந்தது. எனக்கு ஒரு சர்டிபிகேட் கிடைத்தது. அம்மா அதை பிரேம் போட்டு ஷோகேஸுக்கு மேலே மாட்டினாள். வருகிறவர்களிடமெல்லாம் காலி டின்னையும் சர்டிபிகேட்டையும் சேர்த்துக் காட்டுவாள்.

எட்டாவது முழுப் பரீட்சை முடிந்ததும் அவள் எறா கம்பெனிக்குப் போய்விட்டாள். எனக்குப் பக்கத்தில் வேறு ஒரு பெண் உட்கார்ந்தாள். நான் ஒரு தடவைகூட அவளைத் தேடிப் போகவில்லை. பிறகு கல்யாணம் ஆகிச் சிதம்பரத்துக்கே போனேன். முப்பது வருடம் அந்த கிரவுண்டு சுவர் ஓரமாகத்தான் காய்கறி வாங்க நடந்தேன். மதில் பக்கம் திரும்ப மாட்டேன். என் வீட்டுக்காரர் காலமான பிறகு, போன வருடம்தான் மகனோடு கடலூருக்குத் திரும்பினேன்.

ஒரு தூக்குக் கூழால் ஒரு பந்தயம் தோற்குமா என்று அந்த டயட்டீஷியன் பெண்ணைக் கேட்டேன். யாருடைய பந்தயம் என்று சொல்லவில்லை. "அது மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாது ஆன்ட்டி. தூக்கம், வெயில், தண்ணி, பயம், எவ்வளவோ இருக்கு" என்றாள். நல்ல பெண். என்னை விடுதலை செய்யத்தான் பார்த்தாள். ஆனால் நான் பொய் சொன்னது எந்தக் கோட்டில் வரும் என்று அவளிடம் கேட்க முடியாதே.

சென்ற வாரம் துறைமுகத்துப் பக்கம் போனேன். அதே வாசல், அதே இடம், வண்டி மட்டும் எவர்சில்வர். பின்னால் நின்றவளைப் பார்த்ததும் முழங்காலை வைத்தே அடையாளம் தெரிந்தது. அவளும் என்னைப் பார்த்தாள்.

"அட, ஃபாரின் பிஸ்கட்டு!" என்றாள். "சுகரா?"

"ஆமாம்."

"சுகரு வந்தாத்தான் இந்தப் பக்கம் வர்றீங்க எல்லாரும். உக்காருடி."

உட்கார்ந்தேன். இருபது வருடம் எறா உரித்து நகக்கண்ணெல்லாம் அரித்துப்போன பிறகு வண்டிக்கு வந்துவிட்டதாகச் சொன்னாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. வாசலில் அவள் அம்மா என்னைக் கேட்டது, நான் சொன்ன பொய், அத்தா சொல்லாததைச் சொன்னது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பேசும்போதே அழுதுவிட்டேன். மூட்டைக்காரர்கள் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

அவள் கரண்டியை வைக்கவே இல்லை. "எங்கம்மாவுக்குத் தெரியும்டி" என்றாள்.

"என்னா தெரியும்?"

"எனக்கு மொளகா ஆவாதுல்ல? தெனம் அப்டியே திருப்பி எடுத்துட்டுப் போவேன். அந்த வருசம் மட்டும் காம்புதான் போச்சு. எவளோ ஒரு புள்ள பசியில எங்கூடச் சேந்து குடிக்குதுன்னு புரிஞ்சிக்கிச்சு. கேட்டா அந்தப் புள்ளைக்கு அவமானம்னு, ரெண்டு பேருக்கும் சேத்து ஊத்தி அனுப்பியிருக்கு. சாவுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் எங்கிட்ட சொல்லிச்சு. 'பாதிக் கூழாவது நீ குடிச்சியாடி'ன்னு கேட்டுச்சு."

"நீ என்னா சொன்ன?"

"குடிச்சேன்னு சொன்னேன். வேற என்னா சொல்றது?"

கழுத்து வரைக்கும் நின்ற அந்தக் கூழ் எனக்கு நினைவுக்கு வந்தது. ஒரு நாள்கூட நான் அதில் சொட்டு மிச்சம் வைத்ததில்லை.

அவள் எனக்கு ஒரு சொம்பு நிறைய ஊற்றி, ஒரு மோர்மிளகாயை மேலே வைத்துக் கொடுத்தாள். நான் பாதி குடித்தேன். மீதியை அவளிடம் நீட்டினேன்.

"எனக்கு எதுக்குடி? நான் காலையிலேயே குடிச்சிட்டேன்" என்றாள்.

எனக்குப் பின்னால் ஒருவர் சொம்பை நீட்டிக்கொண்டு நின்றார். அவள் அவருக்கு ஊற்றப் போனாள்.